கொல்லிமலை இறக்கத்தில் பிரேக் பெடல் உள்ளே போய்விட்டது, மாஸ்டர் சிலிண்டர் மாற்றத்தான் வேண்டுமா?

கரூர்_ஹேட்ச்பேக்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள், இன்னும் கை நடுக்கம் முழுசாகப் போகவில்லை.

ஆடிப்பெருக்குக்கு மறுநாள் குடும்பத்தோடு கொல்லிமலை போனோம். நான், மனைவி, பிள்ளைகள் இரண்டு பேர், மாமனார். டிக்கி நிறைய சாமான், அது போதாதென்று திரும்பும்போது சோளக்காட்டில் வாங்கிய இரண்டு பலாப்பழம் வேறு. வண்டி 2015 மாடல் பெட்ரோல், மேனுவல் கியர், 81,000 கி.மீ. ஓடியிருக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. மலையில் ஓட்டுவது எனக்கு இதுதான் முதல் தடவை.

ஏறும்போது பிரச்சினை இல்லை, ஒரு வளைவில் பஸ்ஸுக்கு ஒதுங்கி நின்று கிளம்பும்போது கிளட்ச் வாடை அடித்தது, அவ்வளவுதான். இறங்கும்போதுதான் வினை. காரவள்ளி வழியாக இறங்கினோம், 70 கொண்டை ஊசி வளைவு. மூன்றாவது கியரில்தான் ஆரம்பித்தேன். மாமனார் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு "எதுக்கு மாப்பிள்ளை இஞ்சினை இப்படிக் கத்த விடறீங்க, நியூட்ரல் போடுங்க, பெட்ரோலாவது மிச்சமாகும்" என்றார். சரி என்று பாதி நேரம் நியூட்ரலில், பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வந்தேன். இருபத்தைந்தாம் வளைவுப் பலகை தாண்டியதும் எரிந்த வாடை. பின்னால் வந்த லாரி என்று நினைத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டேன். (பின்னால் லாரியே இல்லை என்று பிறகு மனைவி சொன்னாள்.) பதினாறோ பதினேழோ, அந்த வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தால் பெடல் சும்மா உள்ளே போகிறது. மறுபடி மிதித்தேன், இன்னும் உள்ளே. மூன்று நான்கு தடவை பம்ப் அடித்ததும் கொஞ்சம் பிடித்தது. ஹேண்ட்பிரேக்கை இழுத்து, இரண்டாவது கியரைத் திணித்து, தடுப்புச் சுவர் ஓரமாக எப்படியோ நிறுத்திவிட்டேன்.

முக்கால் மணி நேரம் நின்றோம். அப்புறம் மிதித்துப் பார்த்தால் பெடல் பழைய மாதிரியே கெட்டியாக இருக்கிறது! மெதுவாக இறங்கி நாமக்கல் வந்து கரூர் சேர்ந்தோம். வழியில் ஒரு குறையும் இல்லை.

இங்கே மெக்கானிக்கிடம் காட்டினேன். பேட் (சக்கரத்தோடு சுற்றுகிற டிஸ்க் என்கிற இரும்புத் தட்டை இறுக்கிப் பிடிக்கிற பாகம்) இன்னும் 6 மி.மீ. இருக்கிறது, ஆயில் அளவு சரியாக இருக்கிறது, அதனால் மாஸ்டர் சிலிண்டர்தான் (பெடலை மிதிக்கும்போது ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுகிற பாகம்) போயிருக்கும், மாற்றிவிடலாம், கூலியோடு ஆறாயிரம் ஆகும் என்கிறார். இன்னொருவர் நாலு சக்கரத்துக்கும் பேட், ஷூ (டிரம் பிரேக்குக்குள் உரசுகிற பாகம்) எல்லாம் மாற்றச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? பணம் பெரிய விஷயமில்லை, செலவு செய்த பிறகும் இது திரும்ப நடந்தால் என்ன செய்வது என்பதுதான் பயம்.

கிரீஸ்_கை:

முதலில் ஒன்று சொல்லுங்கள். அந்த நேரத்தில் பெடல் கல் மாதிரி கெட்டியாக இருந்து வண்டி நிற்காமல் போனதா, இல்லை பஞ்சு மாதிரி உள்ளே போனதா? இரண்டும் வேறு வேறு நோய். அப்புறம், வாடை எந்தச் சக்கரத்திலிருந்து அதிகமாக வந்தது என்று இறங்கிப் பார்த்தீர்களா?

கரூர்_ஹேட்ச்பேக்:

பஞ்சேதான் சார். கால் தரையைத் தொடுகிற மாதிரி போனது. வாடை முன் இடது பக்கம்தான் அதிகம், லேசாகப் புகைகூட வந்தது. பையன் தண்ணீர் பாட்டிலை எடுத்து ஊற்றப் போனான், மாமனார் வேண்டாம் என்று தடுத்துவிட்டார்.

கிரீஸ்_கை:

அந்த ஒரு விஷயத்தில் மாமனாருக்கு நன்றி சொல்லுங்கள். சூடேறிக் கிடக்கிற டிஸ்கில் தண்ணீர் பட்டால் வார்ப்பு இரும்பு கோணிக்கொள்ளும், சில சமயம் விரிசலே விடும். அப்புறம் ஒவ்வொரு தடவை பிரேக் போடும்போதும் ஸ்டீயரிங் நடுங்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மாஸ்டர் சிலிண்டர் போகவில்லை என்று நினைக்கிறேன். போயிருந்தால் முக்கால் மணி நேரம் சும்மா நின்றதும் அது தானாக எப்படிக் குணமாகும்? சூட்டில் கெட்டு, ஆறியதும் சரியாகியிருக்கிறது என்றால் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது.

நாம் பிரேக் ஆயில் என்கிறோமே, அது எண்ணெயே இல்லை. கிளைக்கால் வகைத் திரவம். காற்றில் இருக்கிற ஈரத்தை உப்பு இழுக்கிற மாதிரி இழுத்துக்கொண்டே இருக்கும். அதன் ரகத்தை டாட் 3, டாட் 4 என்று எண் போட்டுச் சொல்வார்கள். டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, டாட் 4 என்றால் 230. ஆனால் இரண்டு மூன்று வருடத்தில் மூன்று நாலு சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் டாட் 3 வெறும் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம், டாட் 4 என்றால் 155. மலை இறக்கத்தில் காலைப் பிரேக்கிலேயே வைத்திருந்தால் காலிப்பருக்குள் (பேட்டை டிஸ்க்மேல் அமுக்குகிற பாகம்) அந்தச் சூடு வருவது சாதாரணம். திரவத்தை அமுக்க முடியாது, அதனால் உங்கள் கால் கொடுக்கிற அழுத்தம் அப்படியே சக்கரத்துக்குப் போகிறது. கொதித்து ஆவிக் குமிழி வந்துவிட்டால் ஆவி அமுங்கும். ஊசி போடுகிற சிரிஞ்சில் காற்றை அடைத்து முனையை விரலால் பொத்திக்கொண்டு தள்ளிப் பாருங்கள், அதேதான். சூடு குறைந்ததும் ஆவி திரும்பத் திரவமாகிவிடும், பெடல் கெட்டியாகிவிடும், மெக்கானிக் திறந்து பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும்.

பெடல் கெட்டியாக இருந்து வண்டி மட்டும் நிற்காமல் போனால் அது பேட் சூடேறி வழுக்குவது. அதற்கு ஆயில் மாற்றிப் பயனில்லை.

மாஸ்டர் சிலிண்டரைச் சந்தேகப்பட்டால் காசு கொடுக்காமலே பார்க்கலாம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இஞ்சினை ஓடவிட்டு, பெடலை நன்றாக மிதித்து ஒரு நிமிடம் அப்படியே பிடியுங்கள். பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போனால், வெளியே எங்கேயும் ஒழுக்கும் இல்லையென்றால், உள்ளே ரப்பர் சீல் போயிருக்கிறது என்று அர்த்தம். நின்ற இடத்திலேயே நின்றால் அந்த ஆறாயிரத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக பிரேக் ஆயில் எப்போது மாற்றினீர்கள்? அளவு ஊற்றியதைச் சொல்லவில்லை. பழையதை முழுக்க வெளியே எடுத்துப் புதிது விட்டது எப்போது?

கரூர்_ஹேட்ச்பேக்:

நான் வாங்கிய பிறகு மாற்றவே இல்லை சார். அதற்கு முன்னால் மாற்றினார்களா என்று தெரியாது. சர்வீஸ் பில்லில் "பிரேக் ஆயில் டாப் அப்" என்று மட்டும் இரண்டு தடவை இருக்கிறது. நீங்கள் சொன்ன ஒரு நிமிட சோதனை இப்போதுதான் செய்தேன், பெடல் அசையவில்லை.

சேந்தமங்கலம்_ரோடு:

ஏனுங்க, டாப் அப் என்றால் பழைய குழம்பில் புதுத் தண்ணி ஊற்றுகிற கதைதான். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவையோ நாற்பதாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவையோ, எது முதலில் வருகிறதோ அப்போது முழுக்க மாற்றணும் என்றுதான் பெரும்பாலான வண்டிகளின் கையேட்டில் போட்டிருக்கும், ஒருதரம் புரட்டிப் பாருங்கள்.

ஆனால் ஆயிலை மட்டும் மாற்றிவிட்டு அடுத்த தடவையும் இதே மாதிரி நியூட்ரலில் இறங்கினால் புது ஆயிலும் கொதிக்கும். நான் அந்த மலை அடிவாரத்துக்காரன், அதனால் உரிமையோடு சொல்கிறேன். என் அப்பா முப்பது வருடம் பத்துச் சக்கர லாரி ஓட்டியவர். நாமக்கல் பக்கம் வீட்டுக்கு ஒரு டிரைவர் என்பார்கள், எங்கள் வீட்டில் மூன்று பேர். நான் கார் எடுத்த அன்றைக்கு அவர் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: "எந்தக் கியர்ல ஏறுனியோ அதே கியர்ல எறங்கு." கொல்லிமலையில் நீங்கள் ஏறும்போது பெரும்பாலும் இரண்டாவது, வளைவில் முதல் கியர் போட்டிருப்பீர்கள். இறங்கும்போதும் அதேதான். இஞ்சின் கத்தும், கத்தட்டும். மூவாயிரம் மூவாயிரத்தைந்நூறு ஆர்.பி.எம். என்பது பெட்ரோல் இஞ்சினுக்கு ஒரு விஷயமே இல்லை, சிவப்புக் கோடு ஆறாயிரத்துப் பக்கம்தான் இருக்கும்.

பிரேக்கைத் தடவிக்கொண்டே வரக்கூடாது. வேகம் ஏறுகிறது என்று தோன்றும்போது நன்றாக ஒரு மிதி, வேகம் குறைந்ததும் காலை முழுசாக எடுத்துவிடணும். அந்த இடைவெளியில்தான் டிஸ்க் மூச்சு விடும். லேசாக மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் பாதுகாப்பாக இருக்கிற மாதிரித் தெரியும், ஆனால் அடுப்பைச் சிம்மில் வைத்துப் பாலை மறந்த மாதிரி, நாம் பார்க்காத நேரத்தில் பொங்கும்.

இன்னொன்று, உங்களைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன். மலையில் வண்டியை நிறுத்தும்போது சக்கரத்துக்குக் கல் வைப்பது நல்ல பழக்கம். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டுப் போங்கள் சாமி. ராத்திரி பைக்கில் வருகிற எங்கள் ஊர்ப் பையன்கள்தான் அதில் ஏறி விழுகிறார்கள்.

மைலேஜ்_மன்னன்:

இங்கே எல்லாரும் நியூட்ரலைக் கொலைகாரன் மாதிரிப் பேசுகிறீர்கள். நான் இருபது வருடமாக ஏற்காடு, ஊட்டி எல்லாம் நியூட்ரலில்தான் இறங்குகிறேன், ஒன்றும் ஆகவில்லை. ஒரு இறக்கத்துக்கு அரை லிட்டராவது மிச்சம். பெட்ரோல் நூறு ரூபாய்க்கு மேல் விற்கிறது, கேள்வி கேட்டவரின் மாமனார் சொன்னதில் என்ன தப்பு? அவருடைய பிரச்சினை பழைய ஆயில், அதோடு முடிந்தது.

கிரீஸ்_கை:

மைலேஜ் அண்ணா, சண்டைக்கு வரவில்லை, ஆனால் இந்த அரை லிட்டர் கணக்கு கார்புரேட்டர் காலத்துக் கணக்கு. இப்போது ஓடுகிற பெட்ரோல் வண்டி எல்லாம் இஞ்செக்டர் வண்டி. கியரில் போட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், சக்கரமே இஞ்சினைச் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரிந்துவிடும், அது பெட்ரோல் விடுவதை அடியோடு நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால் இஞ்சின் அணையாமல் ஐட்லிங்கில் ஓட வேண்டும், அதற்குப் பெட்ரோல் கொடுத்தே ஆக வேண்டும். சின்ன வண்டி என்றாலும் மணிக்கு அரை லிட்டர் சுமார் குடிக்கும். ஆக, நீங்கள் மிச்சம் பிடிப்பதாக நினைத்துக்கொண்டு செலவு செய்துகொண்டிருக்கிறீர்கள். உங்கள் வண்டியில் அந்த நேரத்து மைலேஜ் காட்டுகிற திரை இருந்தால் ஒரு இறக்கத்தில் இரண்டு மாதிரியும் போட்டுப் பாருங்கள். கியரில் இருக்கும்போது அது காட்டக்கூடிய அதிகபட்ச எண்ணில் போய் ஒட்டிக்கொண்டு நிற்கும். நியூட்ரலில் போட்டதும் கீழே இறங்கும்.

சாவியையே அணைத்துவிட்டு இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள். பிரேக்குக்கு உதவி செய்கிற வேக்குவம் பூஸ்டர் இஞ்சின் ஓடினால்தான் நிரம்பும். அணைத்த பிறகு இரண்டு மூன்று மிதிக்கு மேல் அந்த உதவி இருக்காது, பிறகு பெடல் பாறை. ஸ்டீயரிங்கும் கனத்துப் போகும், சாவியைக் கையில் எடுத்துவிட்டால் பூட்டியே கொள்ளும். அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

சேந்தமங்கலம்_ரோடு:

தொப்பூர் கணவாயை மறந்துவிட்டீர்களா? டீசல் மிச்சம் என்று லாரிகளை நியூட்ரலில் விட்டு இறக்கி, கடைசியில் முன்னால் நிற்கிற ஏழெட்டு வண்டிகளையும் சேர்த்து வாரிக்கொண்டு போனது எத்தனை தடவை. அப்பா தொப்பூரில் இறங்கும்போது எக்ஸாஸ்ட் பிரேக்கை (புகை போகிற வழியை அடைத்து இஞ்சினாலேயே வேகத்தைக் குறைப்பது) போட்டுவிட்டு ரேடியோவை அணைத்துவிடுவார். காது கேட்கணும் என்பார். லாரியில் டிரம் சூடேறி விரிந்துவிட்டால் ஷூ எட்டாது, அப்புறம் எவ்வளவு மிதித்தும் கதை இல்லை.

மைலேஜ்_மன்னன்:

மைலேஜ் திரை என் வண்டியில் இருக்கிறது. பார்த்துவிட்டு வருகிறேன். அதுவரை என் கருத்தில் மாற்றமில்லை :)

பிளஸ்டூ_பிசிக்ஸ்:

வாத்தியார் புத்தி சும்மா இருக்கவிடவில்லை, ஒரு கணக்குப் போட்டுவிட்டுப் போகிறேன். ஆளும் பலாப்பழமும் சேர்த்து வண்டி 1,200 கிலோ என்று வையுங்கள். மேலேயிருந்து காரவள்ளி வரை ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம் இறங்குகிறீர்கள். எடை, புவியீர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கினால் ஒரு கோடியே பதினெட்டு லட்சம் ஜூல் வருகிறது. இந்த ஆற்றல் எங்கேயும் ஓடிவிடாது. காற்று கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், டயர் கொஞ்சம். மீதி முழுவதும் ஒன்று இஞ்சினில் போகணும், இல்லையென்றால் பிரேக்கில் சூடாகணும். அது எவ்வளவு சூடு தெரியுமா? குழாய்த் தண்ணீர் நாற்பது லிட்டரைக் கொதிக்கவைக்கிற சூடு. இரண்டு பெரிய குடம்! அவ்வளவையும் சாப்பாட்டுத் தட்டு அகலம் உள்ள இரண்டு இரும்புத் தட்டுகள்தான் பெரும்பாலும் வாங்கிக்கொள்கின்றன, ஏனென்றால் முன் சக்கரத்துக்குத்தான் பிரேக் வேலை அதிகம். நியூட்ரலில் போட்டால் இஞ்சின் தன் பங்கை வாங்க மாட்டேன் என்று ஒதுங்கிக்கொள்கிறது. மாமனாரிடம் இந்த இரண்டு குடம் தண்ணீரைச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

கோவை_ஏஎம்டி:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் கார் ஓட்டக் கற்று இரண்டு வருடம்தான் ஆகிறது, ஏ.எம்.டி. வண்டி, கியரை அதுவே மாற்றிக்கொள்ளும். அடுத்த மாதம் தோழிகளோடு வால்பாறை போகிறோம், ஆழியாற்றிலிருந்து 40 வளைவு என்கிறார்கள். இந்தத் திரியைப் படித்ததும் பயமாகிவிட்டது. கிளட்ச்சே இல்லாத வண்டியில் "இரண்டாவது கியரில் இறங்கு" என்றால் நான் எப்படி இறங்குவது? டிரைவில் போட்டால் அதுவே பார்த்துக்கொள்ளாதா?

கிரீஸ்_கை:

பார்த்துக்கொள்ளாது. டிரைவில் விட்டால் ஆக்சிலேட்டரில் கால் இல்லை என்றதும் பல வண்டிகள் மூன்று, நான்கு என்று மேல் கியருக்குத் தாவிக்கொண்டே போகும், இறக்கத்தில் அதுதான் நமக்கு வேண்டாதது. கியர் லீவரை மேனுவல் பக்கம் தட்டுங்கள், எம் என்று போட்டிருக்கும். மைனஸ் பக்கம் தட்டி இரண்டாவது கியர் வைத்துக்கொண்டு இறங்குங்கள். சி.வி.டி. வண்டி (இன்னொரு வகை ஆட்டோமேட்டிக்) என்றால் எல் அல்லது எஸ் இருக்கும், அதைப் போடணும். கிளம்புவதற்கு முன்னால் வீட்டுப் பக்கம் ஏதாவது மேம்பாலத்தில் ஒரு தடவை பழகிப் பாருங்கள், மலையில் முதல் தடவையாகத் தேடக்கூடாது.

ஏறும்போது ஏ.எம்.டி.க்கு வேறு ஒரு கஷ்டம். முன்னால் வண்டி நின்றால் ஆக்சிலேட்டரை லேசாக அழுத்திக்கொண்டே வண்டியைப் பின்னால் உருளாமல் நிறுத்தி வைக்காதீர்கள். அதற்குள்ளும் ஒரு கிளட்ச் இருக்கிறது, அது அரைக் கிளட்சில் தேய்ந்துகொண்டிருக்கும். பிரேக்கோ ஹேண்ட்பிரேக்கோ போட்டு நில்லுங்கள். கேள்வி கேட்டவருக்கு ஏறும்போது வந்த வாடையும் இதுதான்.

சேந்தமங்கலம்_ரோடு:

தங்கச்சி, வளைவில் பஸ் வந்தால் போட்டி போடாதீங்க. பஸ்ஸுக்கு முழு ரோடும் வேணும். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழி விடணும் என்பது வெறும் மரியாதை இல்லை, 2017-ல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறையிலேயே இருக்கிறது. இறங்குகிறவன் நின்று கிளம்புவது சுலபம், ஏறுகிறவனுக்கு அப்படி இல்லை. வளைவுக்கு முன்னால் ஹாரன் அடிங்க, ராத்திரி என்றால் லைட்டை மினுக்குங்க. ஒன்பதாவது வளைவில் நின்று ஆழியாறு அணையைப் பாருங்க, வரையாடுகூட வந்து நிற்கும். தின்ன மட்டும் ஒன்றும் போடாதீங்க.

மின்சார_வண்டி_மதுரை:

எலக்ட்ரிக் வண்டிக்காரன் ஒரு துணுக்கு. எங்களுக்கு இஞ்சின் இல்லையென்றாலும் மோட்டாரே பிரேக் மாதிரி இழுத்துப் பிடித்து பேட்டரியில் சார்ஜ் ஏற்றும், இறக்கம் என்றால் கொண்டாட்டம்தான். ஆனால் கொடைக்கானலில் தங்கிய இடத்தில் ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டு நூறு சதவீதத்தோடு காலையில் இறங்கினேன். நிரம்பின பேட்டரியில் எங்கே கொண்டுபோய் ஏற்றும்? மோட்டார் இழுக்கவே இல்லை, திரையில் ஒரு எச்சரிக்கை மட்டும் வந்தது. முதல் பத்து கிலோமீட்டர் வெறும் பிரேக்கில்தான் வந்தேன். அதிலிருந்து மலைமேல் 80-க்கு மேல் ஏற்றுவதில்லை. கொடைக்கானல், நீலகிரி இரண்டுக்கும் இ-பாஸ் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள், 2024 மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நடைமுறையில் இருக்கிறது. சோதனைச் சாவடியில் போனைப் பிடித்துக்கொண்டு சிக்னல் தேடி நிற்பவர்களைப் பார்த்தாலே பாவமாக இருக்கிறது.

கிரீஸ்_கை:

கரூர் நண்பரே, உங்கள் விஷயத்தில் ஒன்று பாக்கி. முன் இடது பக்கம் மட்டும் புகை வந்தது என்றீர்கள். உங்கள் கால்மேல் மட்டும் பழி என்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சூடேறியிருக்கணும். காலிப்பர் வழுக்கி நகர்கிற இரண்டு பின் (இரும்புக் குச்சி) இருக்கும், அதில் கிரீஸ் காய்ந்து இறுகிப் போனால் பிரேக்கை விட்ட பிறகும் பேட் டிஸ்கை விடாது. கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பேட் 6 மி.மீ. இருக்கிறது என்பது முக்கியமில்லை, முகம் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தால் அது வெந்துவிட்டது. முன்பக்கம் இரண்டுக்கும் புதிது போட்டுவிடுங்கள், ஒரு பக்கம் மட்டும் மாற்றக்கூடாது. ஆயில், வண்டியில் அதை ஊற்றுகிற இடத்து மூடியில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே போடுங்கள். டாட் 3 போட்டிருந்தால் டாட் 4 போடலாம், தப்பில்லை. டாட் 5 என்று ஒன்று இருக்கிறது, அது சிலிக்கான், இதோடு சேராது, எண் பெரிது என்று வாங்கிவிடாதீர்கள். சீல் பிரிக்காத டப்பாவாகப் பார்த்து வாங்குங்கள், கடையில் பாதி திறந்து வைத்திருப்பதை வாங்கினால் ஈரத்தையும் சேர்த்துக் காசு கொடுத்து வாங்குகிறீர்கள். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவணும், பெயின்டை உரித்துவிடும்.

கரூர்_ஹேட்ச்பேக்:

பத்து நாள் கழித்து வருகிறேன், எல்லாருக்கும் நன்றி. வேறு ஒரு மெக்கானிக்கிடம் போனேன், வயசானவர், பக்கத்தில் நின்று பார்க்க விட்டார். முன் இடது காலிப்பரில் கீழ்ப் பின் சுத்தியல் வைத்துத் தட்டித்தான் வெளியே வந்தது, துருப்பிடித்து பழுப்பாக இருந்தது. வலது பக்கம் விரலால் தள்ளினாலே நகர்ந்தது. இடது பேட் முகம் நீங்கள் சொன்ன மாதிரியே பளபளப்பு, நகத்தால் கீறினால் கோடுகூட விழவில்லை.

அப்புறம் ஆயில். என்னைப் பெடலில் உட்காரவைத்தார். "மிதி... பிடி... விடு" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு சக்கரமாக ஆயில் வெளியேறுகிற நிப்பிளைத் திறந்து, குழாய் மாட்டி, பழைய மினரல் வாட்டர் பாட்டிலில் இறக்கினார். முதலில் வந்தது அப்படியே ஃபில்டர் காபி டிகாஷன் நிறம். அடியில் கறுப்பாகத் துகள். நாலாவது சக்கரம் முடியும்போதுதான் தேங்காய் எண்ணெய் மாதிரி வெளிறி வந்தது. அந்தப் பாட்டிலைக் கேட்டு வாங்கி வந்து மாமனாரிடம் காட்டினேன். மூக்கருகில் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். முன் பேட், ஆயில், காலிப்பர் பின்னுக்குக் கிரீஸ், கூலி எல்லாம் சேர்த்து மூவாயிரத்துக்குள் முடிந்தது. மாஸ்டர் சிலிண்டரைத் தொடவே இல்லை.

போன ஞாயிறு சோதனைக்காக ஏற்காடு போய் வந்தோம், இருபது வளைவுதான். மாமனாரும் வந்தார். இறங்கும்போது முழுக்க இரண்டாவது கியர், இஞ்சின் சத்தம் போட்டது, அவர் வாயைத் திறக்கவில்லை. பிரேக்கை எத்தனை தடவை மிதித்தேன் என்று பெரியவள் பின் சீட்டிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தாள், முப்பத்தொன்று. அடிவாரத்தில் டீக்கடையில் நிறுத்தினேன். மாமனார் முதல் ஆளாக இறங்கி முன் இடது சக்கரத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, புறங்கையைக் கொஞ்சம் தள்ளி வைத்து அனல் அடிக்கிறதா என்று பார்த்தார். அப்புறம் எழுந்து வந்து "சரி, எனக்கு டீயில சர்க்கரை வேண்டாம்" என்றார்.

மைலேஜ்_மன்னன்:

நானும் வந்துவிட்டேன். ஏற்காட்டில்தான் நானும் பார்த்தேன். கியரில் இருக்கும்போது திரை மேலே போய் ஒட்டிக்கொள்கிறது, நியூட்ரலில் நாற்பது ஐம்பது என்று ஆடுகிறது. மூன்று தடவை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். பெயரை மாற்ற வேண்டும் போலிருக்கிறது, எங்கே மாற்றுவது என்று யாராவது சொல்லுங்கள்.

சேந்தமங்கலம்_ரோடு:

எல்லாம் சரி கரூர்க்காரரே, அந்த இரண்டு பலாப்பழம் என்ன விலைக்கு வாங்கினீங்க என்று இதுவரை சொல்லவே இல்லையே?

கரூர்_ஹேட்ச்பேக்:

இரண்டும் சேர்த்து நானூறு. ஒன்று சக்கை, ஒன்று தேன்.